பணியாரமும் பந்தயமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. தரம் ஆறிலிருந்து எத்தனையோ கட்டுரைகளில் இப்பழமொழியை நான் எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு உண்மையாகவே விளங்கியது தரம் பத்தில்தான். வலய மட்ட விளையாட்டுப் போட்டியன்று, மைதானத்தின் புற்றரையில் தலை சுற்றி அமர்ந்திருந்தபோது அது விளங்கியது. அந்த நாளையும், அந்த நாளுக்கு என்னைக் கொண்டுபோய்விட்ட என் அறியாமையையும் இங்கே எழுதுகிறேன்.

வடமராட்சியில் கடற்கரையை அண்டிய ஒரு கிராமமே எனது ஊர். அவ்வாண்டு பெப்ரவரி மாதம் எமது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக மரதன் ஓட்டம் நடைபெற்றது. விளையாட்டுத் துறையில் அதுவரை எவரும் கவனிக்காத நான் அதில் மூன்றாவதாக வந்தேன். உடற்கல்வி ஆசிரியை என்னை அழைத்து, "நீர் 1500 மீற்றருக்குப் பயிற்சி செய்யும். வலய மட்டத்துக்குப் போகலாம்" என்றார். அன்று முதல் வாரத்தில் ஐந்து நாட்கள் மாலைப் பயிற்சி. நான் ஓடி முடிக்கும் நேரத்தை ஆசிரியை ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். முதல் நாள் அதில் எழுதப்பட்டது 6 நிமிடம் 12 செக்கன்.

எனக்கு ஓட்டத்தைப் போலவே தின்பண்டங்களிலும் பெருவிருப்பம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் ரோல்ஸ், கடையிலே குளிரூட்டிய சோடா, அம்மம்மா செய்யும் பயற்றம் பணியாரம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். ஒரு நாள் பிற்பகல் இரண்டு ரோல்ஸும் ஒரு சோடாவும் முடித்துவிட்டு, அரை மணித்தியாலத்தில் பயிற்சிக்குப் போனேன். இரண்டாவது சுற்றிலேயே விலாவில் குத்து வலி எடுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொழுப்பு நிறைந்த உணவு இரைப்பையை விட்டு வெளியேற நீண்ட நேரம் எடுக்கும் என்பதைச் சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தும் அதை என் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கே நின்ற மூத்த மாணவி ஒருவர் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் மெலிஞ்சால் தானாகவே வேகம் வரும்" என்றார். அவர் தீய எண்ணத்துடன் கூறவில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் என் மனதில் முள்ளாகத் தைத்தது.

அன்றிரவே நான் சபதம் எடுத்தேன். முதலில் இனிப்பை விட்டேன். அடுத்து எண்ணெய்ப் பலகாரங்களை விட்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் பெரிய தீங்கு வந்திராது. ஆனால் எனக்கு எல்லை தெரியவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன். மீன் பொரியலோடு மீன் குழம்பையும் தள்ளி வைத்தேன். இரவில் "பசிக்கவில்லை" என்று பொய் கூறிவிட்டுப் படுத்தேன். பசி தெரியாமலிருக்க ஒரு நாளில் நாலைந்து தடவை பிளேன்ரீ குடித்தேன்.

மார்ச் மாத இறுதியில் என் நேரம் 5 நிமிடம் 58 செக்கனாகக் குறைந்தது. பட்டினியின் பயனே அது என்று நான் நம்பினேன். உண்மையில் அது ஆறு வாரப் பயிற்சியின் பயன் என்பதை அப்போது உணரவில்லை. தவறான வழியில் செல்பவனுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் சிறு வெற்றியைப் போன்ற ஆபத்து வேறில்லை.

ஏப்ரல் மாதம் சித்திரைப் புத்தாண்டு வந்தது. அம்மம்மா இரண்டு நாட்களாக அடுப்படியில் நின்று பயறு வறுத்து, இடித்து, பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அவர் அதைச் செய்தது பெரும்பாலும் எனக்காகவே. தட்டை என்னிடம் நீட்டி, "நல்ல நாளும் பெருநாளுமா ஒண்டு எடன் பிள்ளை" என்றார். "எண்ணெய்ப் பலகாரம், எனக்கு வேண்டாம்" என்று நான் முகத்தைத் திருப்பினேன். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. பணியாரங்களைப் பிஸ்கற் ரின்னில் அடுக்கி மூடினார். அந்த மூடியின் ஓசை இன்றும் என் காதில் கேட்கிறது.

மே மாதத்தில் எல்லாம் மாறத் தொடங்கியது. காலையில் எழவே உடல் மறுத்தது. வகுப்பில் கண்கள் சொருகின. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரண்டு மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை. ஓடுபவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் போலும் என்று எண்ணி, அதை அம்மாவிடமும் மறைத்தேன். ஆசிரியையின் கொப்பியில் என் நேரம் 6 நிமிடம் 9 செக்கன் என்று பதிவாயிற்று. நான் இன்னும் குறைவாகச் சாப்பிட்டேன்.

யூன் மாதம் வலய மட்டப் போட்டி. முதலிரு சுற்றுகளும் நான்காம் இடத்தில் ஓடினேன். மூன்றாம் சுற்றில் கால்கள் என்னுடையவையாக இருக்கவில்லை. மைதானத்தின் ஓரங்கள் மெல்ல இருண்டன. அடுத்து எனக்கு நினைவிலிருப்பது புற்றரையும், என் தலையைத் தாங்கிய ஆசிரியையின் கையும்தான்.

மறுநாள் அம்மா என்னை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 9.4 கிராம் என்று வந்தது. என் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்று வைத்தியர் கூறினார். அவர் என்னிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அம்மாவின் முன்னிலையில் எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்புவித்தேன். வைத்தியர் கோபிக்கவில்லை. "2022 ஆம் ஆண்டு பெற்றோலுக்கு எல்லாரும் வரிசையில் நிண்டது நினைவிருக்கோ மகள்? தாங்கியில் பெற்றோல் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மோட்டார் சைக்கிளும் நிக்கத்தான் செய்யும். நீர் ஓடினது பிழையில்லை. வெறும் தாங்கியோடு ஓடினதுதான் பிழை" என்றார்.

பின்னர் அவர் விளக்கிய விடயங்கள் எம் பாடநூலில் உள்ளவையே. நாம் உண்ணும் காபோவைதரேற்று குளுக்கோசாக மாறி, மேலதிகமானது கிளைக்கோசனாக ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. நெடுந்தூரம் ஓடுபவரின் முக்கிய எரிபொருள் அதுவே. ஓடும்போது உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி சக்தி செலவாகும். எனவே 45 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 6 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 270 கிலோகலோரி செலவாகும். இது வளர்ச்சிக்கும், படிப்புக்கும், இதயத் துடிப்புக்கும் வேண்டிய சக்திக்கு மேலதிகமானது. நானோ செலவைக் கூட்டிக்கொண்டு வரவைக் குறைத்தேன்.

சக்தி போதாதபோது உடல் சிக்கனம் செய்யத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கிறது. எலும்புகள் வலுவிழக்கின்றன. நோயெதிர்ப்பு குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 ஆம் ஆண்டில் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு, இது ஆண், பெண் இருபாலாரையும் பாதிக்கும் என அறிவுறுத்தியது. மாதவிடாய் நின்றது பயிற்சியின் அடையாளமன்று, அது உடல் தந்த எச்சரிக்கை என்று வைத்தியர் கூறியபோது அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

குருதிச்சோகைக்கும் காரணம் தெரிந்தது. ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். இரும்பு தரும் மீனையும் பயற்றையும் கீரையையும் நான் குறைத்துவிட்டேன். போதாக்குறைக்கு, உணவோடு குடித்த தேநீர் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்தது. மாறாக, விற்றமின் சீ அதன் உறிஞ்சலுக்கு உதவும். எனவே இரும்பு மாத்திரைகளுடன், கீரையில் தேசிக்காய் பிழிந்து உண்ணும்படியும், தேநீரை உணவு வேளையிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வைக்கும்படியும் வைத்தியர் கூறினார். இரண்டு மாதங்களுக்கு ஓட்டப் பயிற்சி வேண்டாம் என்றும் பணித்தார்.

ஓடாத அந்த மாதங்களில் நான் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அது எளிதாக இருக்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கண்டாலே ஏதோ குற்றம் செய்வது போன்ற பயம் எழும். அப்போது ஆசிரியை ஒரு செய்தியைக் கூறினார். நெடுந்தூர ஓட்டத்தில் உலகை வென்ற கென்யா நாட்டு வீரர்களின் முதன்மை உணவு உகாலி எனப்படும் சோளமாக் களி. அவர்கள் பாலும் சீனியும் கலந்த தேநீரும் குடிப்பார்கள். 2016 இலும், 2021 இல் நடைபெற்ற டோக்கியோப் போட்டியிலும் ஒலிம்பிக் மரதன் தங்கம் வென்ற எலியூட் கிப்சோகே அந்நாட்டவரே. "களி தின்கிறவர்கள் தங்கம் வெல்கிறார்கள். நீர் பிட்டுக்குப் பயப்படுகிறீர்" என்று ஆசிரியை கூறியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆவணி மாதம் பனம்பழம் விழத் தொடங்கியது. ஒரு நாள் காலை அம்மம்மா முற்றத்தில் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். நான் அருகில் போய் அமர்ந்து, "நானும் செய்யட்டோ அம்மம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டியை என் பக்கம் தள்ளினார். களியைத் துணியில் வடித்தோம். சீனி சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டு, மா கலந்து, சிறு உருண்டைகளாக எண்ணெயில் இட்டோம். பனங்காய்ப் பணியாரம் மறுநாள்தான் சுவை கூடும் என்பது அம்மம்மாவின் கட்சி. ஆனால் அன்று சூட்டோடு இரண்டைத் தின்றேன். சித்திரையில் நான் மறுத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு எடன்" என்றார். "இன்றைக்குப் போதும், நாளைக்கு வேணும்" என்றேன். அவர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். நீண்ட நாட்களின் பின் பயமில்லாமல் உண்டதும், பேராசையில்லாமல் நிறுத்தியதும் அன்றுதான்.

அதன் பின் எனக்கென்று சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டேன். பயிற்சிக்கு இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு முன் சோறு, இடியப்பம், பிட்டு போன்ற உணவு. நேரம் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழம். பயிற்சி முடிந்ததும் தாமதிக்காமல் அவித்த பயறு அல்லது முட்டையுடன் குரக்கன் பிட்டு. மதியத்தில் மீனும் கீரையும். பலகாரம் ஓட்டத்துக்கு முன் இல்லை. ஓட்டத்துக்குப் பின், வயிறார உணவு உண்டபின் உண்டு. ரோல்ஸ் வாரத்தில் ஒரு நாள், தோழியருடன் பகிர்ந்து. 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படுகிறது. சிவப்புக் குறியுள்ளதை அன்றாடம் குடிப்பதில்லை. தாகத்துக்குத் தண்ணீரும் இளநீரும். திருவிழாவிலும் பிறந்தநாளிலும் கணக்குப் பார்ப்பதில்லை, ஏனெனில் உடலை ஆக்குவது ஒரு நாள் உணவன்று, பல நாள் பழக்கமே.

மாதவிடாய் மீண்டும் ஒழுங்காயிற்று. ஈமோகுளோபின் 12 ஐத் தாண்டியது. மறு ஆண்டு அதே மைதானத்தில், அதே வலய மட்டப் போட்டியில் 5 நிமிடம் 46 செக்கனில் ஓடி இரண்டாமிடம் பெற்றேன். மாகாண மட்டத்தில் ஆறாவதாகவே வந்தேன். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் கடைசிச் சுற்றில் என் கால்கள் என்னுடையவையாகவே இருந்தன. வீடு திரும்பியபோது அம்மம்மா வாசலில் பிஸ்கற் ரின்னுடன் நின்றார். அன்று நான் எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதை நாம் அனைவரும் அறிவோம். அளவுக்குக் குறைந்தாலும் அது நஞ்சே என்பதை நான் என் உடலால் கற்றேன். இப்போது பரீட்சைக்காகக் காலையுணவை விட்டுவிட்டுப் படிக்கும் தோழியரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் புற்றரை நினைவுக்கு வருகிறது. மைதானமாயினும் பரீட்சை மண்டபமாயினும் வெறும் வயிறு நெடுந்தூரம் செல்லாது. ஆகவே நண்பர்களே, உணவைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். உடலில் மாற்றம் ஏதும் கண்டால் அதை மறைக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். அன்போடு ஒருவர் நீட்டும் பலகாரத்தில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஓடுங்கள்.