நான்கு சில்லும் நிலத்தில்

முன் மட்காட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் பாரத்தை முழுதாக இறக்கி அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுக்கிறார் பாஸ். கார் எழும்புகிறது, தாழ்கிறது, மறுபடி எழும்பித் தாழ்ந்த பிறகுதான் நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போகிறார். அங்கேயும் அதே துள்ளல். நல்ல சொக் ஒருமுறை எழும்பித் தன் இடத்தில் வந்து அமர்ந்துவிட வேண்டும்.

ஆரையம்பதியில் கல்முனை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்தக் கராஜ். தகரக் கூரை, ஒரு வேம்பு, எண்ணெய் ஊறிக் கறுத்த மணல். இரண்டு ஓட்டோவும் ஒரு லாண்ட்மாஸ்டரும் முறைக்குக் காத்து நிற்கின்றன. என் மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. நடுவில் அந்தச் சிவப்பு ஹொண்டா சிவிக். தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த மூன்று கதவு மொடல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டின் பழைய கார்களைச் சாகவிடாமல் ஓடவைத்தவை இப்படியான ஒழுங்கைக் கராஜ்கள்தான். அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

காரின் சொந்தக்காரப் பொடியன் கட்டாரில் உழைத்த காசில் இதை வாங்கியிருக்கிறான். தொலைபேசியில் ஒரு படத்தை நீட்டுகிறான்.

“இதப் போடுவம் பாஸ். கொயிலோவர். உயரத்த நாமளே கூட்டிக் குறைக்கலாம்.”

பாஸ் படத்தை ஆறுதலாகப் பார்க்கிறார். பிறகு டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல்களைச் செருகுகிறார். மூன்று விரல் போகிறது.

“இந்த இடைவெளி சும்மா கிடக்கு எண்டா நினைக்கிறீங்க தம்பி? பள்ளத்தில விழுந்தா சில்லு மேல ஏறுறது இதுக்குள்ளதான். இதையும் எடுத்துப்போட்டா அது எங்க போகும்?”

பொடியன் பதில் சொல்லவில்லை. ஜக் போட்டுச் சில்லைக் கழற்றுகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். கழற்றிய டயரை மணலில் படுக்கவைத்து, அதன் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெல்லச் சுற்றிவருகிறார் பாஸ். சில இடங்களில் கை மேடேறுகிறது, சில இடங்களில் இறங்குகிறது. டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது. ரோட்டை விட்டு எழும்பி எழும்பி விழுந்த டயர் அப்படித்தான் தேயும். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடக் கூடத் தேய்ந்திருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டுகிறார். இந்தத் தலைமுறைச் சிவிக்கின் நான்கு சில்லும் மேலொன்று கீழொன்றாக இரட்டைக் கைகளில் தொங்குபவை. காரைத் தாழ்த்தினால் சில்லின் தலை உள்ளே சாயும், பாரம் உள்விளிம்பில் விழும்.

“ஆனா நான் இன்னும் இறக்கவேயில்லயே பாஸ்.”

அவர் டோர்ச்சை அடிக்கிறார். சொக்கின் உடம்பு முழுக்க எண்ணெய் கசிந்து, தூசி அதில் ஒட்டிக் கறுத்திருக்கிறது. வெளிச்சத்தை மேலே ஸ்பிரிங்கின் முனைக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துகிறார். முனை நேராக அறுத்த முனையல்ல, உருகிக் கட்டிபட்ட முனை. முன்பு வைத்திருந்த யாரோ கேஸ் சுவாலையால் ஒரு சுற்றை வெட்டியெடுத்திருக்கிறார்கள். சூடேறிய இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். அந்த விறைப்பை அடக்கும் பலம் பழைய சொக்குக்கு இல்லாததால் கார் துள்ளித் துள்ளியே ஓடியிருக்கிறது. பொடியன் குந்தியிருந்து அந்த முனையை நெடுநேரம் பார்த்தான். தன் கார் ஏன் இப்படித் துள்ளுகிறது என்று அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

“ஸ்பிரிங் தாங்கிறதுக்கு. சொக் அடக்கிறதுக்கு. ரெண்டும் வேற வேற வேலை,” என்கிறார் பாஸ். “தோணியில துடுப்ப மெதுவா இழுத்தா தண்ணி விடும். கெதியா இழுத்துப் பாருங்க, எதிர்க்கும். சொக்குக்குள்ள எண்ணெயும் அப்படித்தான்.”

வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது. சின்னத் துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் போகும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறிக் கழிகிறது. தொடர்ந்து அடி விழுந்தால் எண்ணெய் காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. அதைத் தடுக்கத்தான் உள்ளே வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள்.

பாஸ் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

“கார் எங்கெங்க ஓடும்?”

டவுனுக்கு. ஞாயிற்றுக்கிழமை கொக்கட்டிச்சோலைக்கு. வருசத்தில் ஒருதரம் நுவரெலியாவுக்கு. நுவரெலியா என்றபோது பொடியனின் குரல் கொஞ்சம் தணிந்தது. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி அவன் மனதில் இருக்கிறது. பாஸ் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “அதுக்கு வேற சாமான். ஆசையிருந்தா மறுகா அதுக்கெண்டு தனியா ஒரு செட் எடுப்பம்,” என்றார். பிறகு ரோட்டை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். காத்தான்குடியில் பேரீச்சமரங்களின் ஓரமாக ஊர்ந்து போகவேண்டும். 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம்வரை காபெட் ரோட்டுத்தான், அதில் எதைப் போட்டாலும் ஓடும். சோதனை படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் வாவியைக் கடந்து போன இடம் அது. இப்போது பாலத்தைத் தாண்டினால் வயல்வெளி. மாரியில் கிரவல் கரைந்து, உழவு மெசின் சில்லுகள் கிழித்த உள்வீதிகளில் விறைத்துத் தாழ்ந்த கார் ஓடாது, அடிவயிறு உரசும்.

கொயிலோவரை அவர் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் சொன்னார், எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. ஆரையம்பதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. உப்புக் காற்று ஓயாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த மரைகள் துருவேறி இறுகினால் பிறகு எந்தச் சாவிக்கும் அசையாது.

வேகமும் வளைவும் விரும்புகிறவன் விறைத்த காரில்தான் போகவேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது பிழை. 1962இல் வந்த லோட்டஸ் எலான் உலகின் மிகச் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. கொலின் சப்மன் அதற்கு மென்மையான ஸ்பிரிங்கைக் கொடுத்து, சில்லு மேலும் கீழும் போக நிறைய இடமும் விட்டார். வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது டயர். டயர் பிடிக்கவேண்டுமானால் அது நிலத்தில் இருக்கவேண்டும்.

கடைசியில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் பாஸ் எழுதுகிறார். நான்கு சொக்கும் புதிது, வாயு அடைத்த கயாபா. கம்பனி உயரத்து ஸ்பிரிங் நான்கு, அது பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழற்றிய சாமானாகக் கிடைத்தாலும் போதும். மேல் மௌன்ட், அடி தாங்கும் ரப்பர், புஷ் எல்லாம் புதிது. எல்லாம் பூட்டியபின் வீல் எலைன்மென்ட். டயர் வாங்குவது அதற்குப் பிறகு. ஒன்றை மட்டும் இரண்டுதரம் சொல்கிறார்: புஷ் ஆணிகளைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது, சில்லு நிலத்தில் ஊன்றிப் பாரம் ஏறிய பிறகே இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

பொடியன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “அப்ப உயரம் குறையாதா பாஸ்?”

“குறையாது. வெட்டினத விட உயரும்.”

அவன் தலையாட்டினான்.

மாரி தொடங்க முன்னர் உங்கள் வாகனத்தையும் நான்கு மூலையிலும் ஒருதரம் அமுக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை துள்ளினால் சொக் போய்விட்டது, ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். ஸ்பிரிங் பழையது வாங்கினாலும் சொக்கைப் பழையதாக வாங்காதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்பவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.