மின்னமுறாக் கடற்கரையிலே

சிட்னி மாநகரிலிருந்து புகையிரதத்தில் தெற்கு நோக்கிச் சென்றால், கியாமா என்னும் கரையோரப் பட்டினத்துக்குச் சற்று முன்னதாக மின்னமுறா என்ற சிற்றூர் வருகின்றது. ஆறொன்று அமைதியாக வந்து கடலோடு கலக்கும் இடம் அது. கியாமாவிலே பாறைத் துவாரத்தினூடாகக் கடல்நீர் பீறிட்டெழும் காட்சியைக் காணவே பலரும் அப்பக்கம் செல்வர். நாம் சென்றதோ மின்னமுறா மணலிலே சற்று நேரம் நிற்பதற்காக. சிட்னியில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றும் எம்முடன் வந்திருந்தது. அவர்களுடைய ஏழு வயதுச் சிறுவன் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவன். இன்று உட்செவிக் கருவியின் துணையால் கேட்கின்றான். அக்கருவியின் வரலாற்றிலே இம்மணலுக்கும் ஓர் இடமுண்டு.

சங்கும் புல்லும்

1977ஆம் ஆண்டு பேராசிரியர் கிறேம் கிளாக் விடுமுறைக்காக இங்கு வந்திருந்தார். காது மந்தமான தந்தையாரின் மகனாக வளர்ந்தவர் அவர். நத்தையின் ஓடுபோல இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் உட்செவியினுள், நுண்ணிய மின்கம்பிக் கற்றையை ஊறு செய்யாமல் செலுத்துவது எவ்வாறு என்பதே அவரை வாட்டிய வினா. கரையிலே கிடந்த சங்கொன்றையும் புல்லிதழ்களையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். அடியில் விறைப்பும் நுனியில் நெகிழ்வும் உடைய புல் சுருளினுள் வழுக்கிச் சென்றது. வழி பிறந்தது! 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி, மெல்பேண் நகரின் றோயல் விக்டோரியன் கண், காது வைத்தியசாலையிலே, விபத்தில் செவிப்புலனை இழந்த றொட் சோண்டர்ஸ் என்பவருக்கு அவருடைய பல்முனைக் கருவி பொருத்தப்பட்டது.

"காது குடுத்துக் கேள்"

இக்கதையை நாம் பேசிக்கொண்டிருக்கையிலே சிறுவன் சிப்பி பொறுக்குவதில் ஆழ்ந்திருந்தான். அம்மம்மா இருமுறை அழைத்தும் திரும்பவில்லை. "ராசா, நான் சொல்லுறதை ஒருக்காக் காது குடுத்துக் கேள்" என்றார். சிறுவன் சற்றே சிந்தித்தான். பின்பு காதின் பின்னால் அணிந்திருந்த பகுதியைக் கழற்றி, "இந்தாங்கோ அம்மம்மா" என்று நீட்டினான்!

நாம் சிரித்துவிட்டோம். தாயார் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் பகிடி பண்ணினாலும், புகழுகினம் எண்டு நினைச்சு இவனும் சேர்ந்து சிரிக்கிறான். அதுதான் நான் இவனோடை நேரான சொல்லிலை மட்டும் கதைக்கிறனான்" என்றார்.

ஒலியைக் கேட்பது வேறு. சொல்லின் உட்பொருளை உணர்வது வேறு. பெரியோர் தமக்குள் பேசுவதை விளையாட்டினூடே கேட்டே ஏனைய பிள்ளைகள் 'பேய்க்காட்டுதல்' என்பதற்குப் பேயோடு தொடர்பில்லை என அறிந்துகொள்கின்றன. கருவியணிந்த பிள்ளைக்கோ தூரத்துப் பேச்சும் இரைச்சலிடைப் பேச்சும் தெளிவாக எட்டுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தையும் கருவி முழுமையாகத் தருவதில்லை. பாலைக் கொட்டிய பிள்ளையிடம் "நல்ல வேலை செய்தாய்!" என்கிறோம். சொல் புகழ்கின்றது; குரல் கண்டிக்கின்றது. குரலைப் பிடிக்க முடியாத பிள்ளை சொல்லையே நம்புகின்றது. இது அறிவுக் குறைவன்று. குழந்தைப் பருவத்திலேயே கருவி பொருத்தப்பெற்று, வீட்டிலே நிறையப் பேச்சையும் கேட்டு வளரும் பிள்ளைகளிடம் இக்குறை பெரிதும் சுருங்குகின்றது.

அம்மம்மா கருவியைத் திரும்ப மாட்டிவிட்டு, பேரனை அருகிருத்தினார். "காது குடுக்கிறதெண்டால், கழட்டித் தாறதில்லை ராசா, வேறை யோசினையை விட்டிட்டுக் கேக்கிறது" என்று பொறுமையாக விளக்கினார். தாயார் ஏதும் பேசாது பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் வேளையில் சிறுவன் சங்கொன்றுடன் தாயாரிடம் ஓடிவந்தான். "அம்மா, ஒருக்காக் காது குடுங்கோ!" என்று கூறி அம்மம்மாவைப் பார்த்துக் கண்சிமிட்டினான். தாயார் குனிந்து காதைக் கொடுத்தார். அப்பொழுதுதான் அவரும் சிரித்தார்.

பழமொழியையும் பகிடியையும் இப்பிள்ளைகளிடமிருந்து ஒளிப்பது அன்பாகாது. சொல்லிவிட்டு விளக்குவதே அன்பு. கருவி ஒலியைக் கொடுக்கும். அதன் உட்பொருளைக் கொடுக்கவேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே.