21 நாள் கணக்கு

கறவைக்கு உட்காருமுன் மாட்டின் காதுமடலைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். பிறகு அலைதாடி, தொடையிடுக்கு, மடியின் பின்புறம், வாலடி. விரலை ஓட்டினால் கொட்டமுத்து மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி. கண்ணால் தேடினால் பாதிதான் அகப்படும். மீதியை விரல்தான் கண்டுபிடிக்கும்.

திருவானைக்காவலில் கொள்ளிடம் பக்கம் எங்கள் கொட்டகை. ஐந்து கறவை, இரண்டு கிடேரி, எல்லாம் ஜெர்சி கலப்பு. அம்மா காலத்திலிருந்து தெரு வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறோம். மாடு வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, உண்ணி மருந்து கேட்குதா, கேட்கலையா?"

கேட்கும். மாட்டின் மேல் இருக்கிற உண்ணிக்குக் கேட்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

ஆரம்பத்தில் டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்தை வாங்கி வந்து அடிப்பேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் உண்ணியெல்லாம் காய்ந்து உதிரும். மனசு நிறையும். மூன்று வாரம் போனால் அதே காதில் அதே கொத்து. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அடுத்த தடவை மூடிக்கணக்கைக் கூட்டி ஊற்றினேன். ஒரு நாள் சினை ஊசி போட வந்த டாக்டர், கொட்டகைக்குள் டார்ச் அடித்து, தொட்டிக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் ஒரு குச்சியை விட்டு நெம்பினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று முட்டைக் குவியல். "மாட்டுக்கு அடிக்கிறீங்க, இதுங்க வீட்டுக்கு யாரு அடிக்கிறது?" என்றார்.

நம் பக்கம் கறவை மாட்டில் அதிகம் காண்கிற உண்ணி, குஞ்சாக ஏறி, அந்த மாட்டிலேயே தோலுரித்து வளர்ந்து, ரத்தம் குடித்து ஊதிக் கீழே விழுவதற்கு ஏறக்குறைய 21 நாள் எடுக்கிறது. விழுந்த பெண் ஒரு வெடிப்பில் ஒளிந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் சாகும். பொரித்த குஞ்சுகள் கடுகைவிடச் சிறியவை. புல் நுனியிலும் சுவரிலும் ஏறி, தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆக, எந்த நாளில் எண்ணினாலும் மாட்டின் மேல் இருப்பது கொஞ்சம், வெளியே இருப்பதுதான் மிச்சம். இன்று அடிக்கும் மருந்து, அதன் வீரியம் தீர்ந்த பிறகு ஏறப்போகிற குஞ்சை என்ன செய்யும்?

அதனால்தான் கொட்டகைத் தூணில் நாள்காட்டி தொங்குகிறது. அடித்த நாளைச் சுழித்து வைப்பேன். புதிதாக ஏறியவை ஊதி விழுவதற்குள், அதாவது 21 நாள் ஆகுமுன், மறுபடி அடிக்க வேண்டும். இப்படி நாலைந்து சுற்று விடாமல் செய்தால்தான் முட்டை இட ஆள் குறையும். அதே நாளில் மாடுகளை வெளியே கட்டிவிட்டு, சுவர், தொட்டியடி, தூண் இடுக்கு எல்லாவற்றிலும் மருந்து. வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினேன். என் அனுபவத்தில் எந்தப் பாட்டிலைவிடவும் அந்தச் சிமெண்ட் அதிகம் வேலை செய்தது.

அடிக்கும் முறையிலும் தவறுகிறோம். 1.25 சதவீத டெல்டாமெத்ரின் என்றால் லிட்டருக்கு 2 மில்லி. 12.5 சதவீத அமிட்ராஸும் லிட்டருக்கு 2 மில்லிதான். மூடியில் ஊற்றாதீர்கள், ஊசிக்குழாயில் அளந்து ஊற்றுங்கள். வளர்ந்த மாடு தோல்வரை நனைய மூன்று, நாலு லிட்டர் கலவை வேண்டும். ஒரு லிட்டரை முதுகில் தெளித்துவிட்டு, உண்ணி குடியிருக்கும் அடிவயிற்றையும் காதுக்குள்ளேயும் விட்டுவிடுகிறோம். மருந்து குறைவாகப் பட்ட உண்ணியில் தாங்குகிறவை பிழைக்கும். அவற்றின் முட்டையிலிருந்து வருபவையும் தாங்கும். மருந்துக்கு மசியாத உண்ணி இப்படித்தான் உருவாகிறது. டெல்டாமெத்ரினுக்கு மசியாதவை இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன.

இங்கே நான் ஏமாந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று டெல்டாமெத்ரினை விட்டு சைபர்மெத்ரினுக்கு மாறினேன். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய உண்ணி மற்றதையும் தாங்கும். மாற்றுவதென்றால் அமிட்ராஸ் போல வேறு வகைக்கு மாற வேண்டும், அதுவும் டாக்டரைக் கேட்டு.

அடிப்பதற்கு முன் மாட்டுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டுங்கள், தாகத்தில் மேலை நக்காது. உச்சி வெயிலிலும் மழையிலும் வேண்டாம். கறந்து முடித்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள். டப்பாவைக் கழுவ வாய்க்காலுக்குப் போகாதீர்கள். டெல்டாமெத்ரின் மீனுக்குக் கொடும் விஷம். இரண்டு ஆற்றுக்கு நடுவே தீவில் வாழ்கிறவர்கள் நாம்.

ஐவர்மெக்டின் ஊசி பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அருமையான மருந்து. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது பாலில் பல நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். கறக்கிற மாட்டுக்குப் போடக் கூடாது. தெளிக்கச் சோம்பல்பட்டு ஊசியைப் போட்டுவிட்டு, அந்தப் பாலைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் வற்றிய மாட்டுக்கும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

மூலிகையும் அடிக்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் பரப்பிய முறை: பூண்டு, வசம்பு, மஞ்சள், வேப்பிலை, துளசி, உண்ணிச்செடி இலை அரைத்துக் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில். உண்ணி குறைவாக இருக்கும்போது என் கொட்டகையில் இதுவே போதுமாக இருக்கிறது. கொத்துக் கொத்தாக அப்பியிருந்தால் இது மட்டும் போதவில்லை. உண்ணிச்செடியை மாடு தின்ன விடாதீர்கள், விஷம்.

அம்மாவின் உம்பளச்சேரி நாட்டுப் பசுவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தோலைச் சிலிர்த்து, நக்கியே உதறிவிடும். ஆஸ்திரேலியாவில் ஜாவாவிலிருந்து போன மாடுகளோடு 1872இல் உண்ணி இறங்கி, ஐரோப்பிய மாடுகளைச் சாய்த்தது. அவர்கள் நம் நாட்டு வழி வந்த, உண்ணியைத் தாங்கும் பிராமன் மாட்டைக் கலந்துதான் மீண்டார்கள். பாலுக்காக நாம் எதிர்த்திசையில் நடந்தோம். உம்பளச்சேரிப் பாலில் குடும்பம் நடத்த முடியாது என்பதும் உண்மை. அதனால் கலப்பு மாடு வைத்திருக்கிறவனுக்குப் பொறுப்பு கூடுதல்.

அந்தப் பொறுப்பைத் தவறவிட்டு ஒரு கறவையை இழந்தேன். மணப்பாறைச் சந்தையில் வாங்கிய மாட்டைத் தனியே கட்டாமல் மற்றவற்றோடு கட்டினேன். ஒரு மாதத்தில் எங்கள் கறவை செல்விக்குக் கடும் காய்ச்சல், தோள் முன்னே நெறிகட்டி, கண் இமைக்குள் வெளுத்துப்போனது. தைலேரியா என்றார் டாக்டர். உண்ணி கொண்டுவரும் நோய். மருந்து போடும்போது நேரம் கடந்துவிட்டது. அன்றிலிருந்து வாங்கி வரும் மாடு மூன்று வாரம் தனிக்கொட்டகையில் நிற்கிறது, வந்த அன்றே மருந்து.

கோயிலில் உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாக வந்து, கோபூஜை செய்கிற ஊர் இது. மாட்டைக் கும்பிடுவதோடு நிறுத்தாமல், உங்கள் கொட்டகையில் இன்றிரவு ஒரு டார்ச்சும் குச்சியும் எடுத்துக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பைக் கிளறிப் பாருங்கள். மருந்துக் கடைக்கு நாளைக்குப் போகலாம்.