சேற்றைத் துழாவும் கை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கப்பட்டவை. உள்ளே 17ஆம் நூற்றாண்டுச் சமாதிகள். உயிரியல் பாடம் நடத்தியே பழகியவள் என்பதால், அந்த வாசலில் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுகிறேன். வாழ்வு நிலையாது என்பதைச் சொல்ல எலும்பைத் தேர்ந்தெடுத்தவர்கள், அதே எலும்பைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்த தேசத்திலிருந்து வந்தவர்கள்.

1613இல் அவர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அந்தக் காலத்தில் அவர்களுடைய நாட்டில், லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அரங்கில், மரணத்தை நினைவூட்டும் வாசகங்கள் எழுதிய கொடிகளைப் பிடித்தபடி எலும்புக்கூடுகள் நிறுத்தப்பட்டிருந்தன. 1632இல் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் ஓர் ஓவியம் வரைந்தார். அதில் டாக்டர் துல்ப் என்ற மருத்துவர், தூக்கிலிடப்பட்ட ஒரு திருடனின் உடலை அறுத்துக் காட்டுகிறார். சுற்றிலும் அறுவை மருத்துவர்கள். அந்நாளில் அறுப்பதை வயிற்றிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம், முதலில் கெடுவது குடல் என்பதால். ஓவியத்திலோ வயிறு அப்படியே இருக்கிறது. திறந்திருப்பது இடது முன்கை. துல்ப் இடுக்கியால் விரல்களை மடக்கும் தசையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய இன்னொரு கை, அந்தத் தசை செய்கிற வேலையைக் காற்றில் செய்து காட்டுகிறது.

மனித உடலைப் பற்றி முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கை உடலின் அமைப்பைக் காட்டுகிறது, மறு கை அதன் இயக்கத்தைக் காட்டுகிறது. நம் பாடப்புத்தகங்கள் 206 எலும்புகளின் பட்டியலில் தொடங்கிப் பிள்ளைகளை அங்கேயே களைப்படையச் செய்துவிடுகின்றன.

பழவேற்காடு ஏரிக்கரையில் நிற்கும்போது எனக்கு அந்த ஓவியம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இங்குள்ள பெண்கள். பழவேற்காட்டு மீனவர் கிராமங்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறை தீர்மானிக்கிறது. அந்த முறைக்குள் இடமில்லாதவர்களும் இந்த ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் பலருக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு நீரில் இறங்கிக் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள், கைகள் இரண்டும் வேலைக்கு வேண்டுமே. இறாலைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. கலங்கிய நீரில் அது தெரியவும் தெரியாது.

அந்தக் கைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கையில் 27 எலும்புகள். இரண்டு கைகளுக்கும் சேர்த்து உடலின் மொத்த எலும்புகளில் கால் பங்குக்கும் மேல். ஆனால் விரல்களை மடக்கி நீட்டும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. அவற்றில் பெரியவை முன்கையிலும் சிறியவை உள்ளங்கையிலும் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மறைவில் நின்று கயிற்றை இழுப்பதுபோல், அங்கிருந்து தசைநாண்கள் விரலை இழுக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டினால் யாரும் இதை உணரலாம். துல்ப் இடுக்கியால் தூக்கியதும் இந்த முன்கைத் தசையைத்தான்.

விரல்நுனித் தோலில் தொடுகையை அறியும் உணர்வேற்பிகள் நான்கு வகை. மெல்லிய அழுத்தம், வழுக்கல், அதிர்வு, தோல் இழுபடுவது என்று ஆளுக்கொரு வேலை. அங்கிருந்து கிளம்பும் செய்தி, விரல்நுனி முதல் மூளை வரை ஏறத்தாழ ஒரு மீட்டரை 20 மில்லிநொடி அளவில் கடந்துவிடுகிறது. தட்டுப்பட்டது கிளிஞ்சலா, இறாலா, கெளுத்தியின் முள்ளா என்று முடிவெடுத்தாக வேண்டும். தாமதித்தால் இறால் வாலைச் சொடுக்கிப் பின்பக்கமாகத் தெறித்துவிடும். மூளையின் புறணியில் கைக்கென்று ஒதுக்கப்பட்ட பரப்பு முதுகுக்கு ஒதுக்கியதைவிட மிகப் பெரிது. பிரெயில் படிப்பவர்களுக்கு, படிக்கும் விரலுக்கான பகுதி மேலும் விரிவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே சேற்றில் கைபழகிய ஒரு பெண்ணின் மூளையை யாராவது அப்படி ஆராய்ந்தால் அதிலும் அதுவே தெரியும் என்று நம்புகிறேன்.

நீரில் ஊறிய விரல்கள் சுருங்குவதும் வெறும் ஊறல் அல்ல. நரம்பு அறுபட்ட விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். வியர்வைத் துளைகள் வழியாக நீர் புகும்போது நரம்பு மண்டலம் விரல்நுனியின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உள்சதை ஒடுங்கி, தோல் மடிகிறது. அந்த மடிப்புகள் ஈரப் பொருளைப் பிடிக்க உதவுகின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அடுத்து வந்த இன்னோர் ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. உப்பு கூடின நீரில் இந்தச் சுருக்கம் மெதுவாகத்தான் வரும். ஐப்பசி மழையில் ஆறுகளின் நன்னீர் கலக்கும் பழவேற்காடு ஏரியும், சித்திரை வெயிலில் உப்பேறிக் கிடக்கும் அதே ஏரியும் ஒரே விரலை இரண்டு விதமாக நடத்துகின்றன.

கரையேறிய ஓர் அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “தண்ணியிலதான் நிக்கிறோம் டீச்சர், ஆனா நாக்கு வறண்டு போவுது.”

சும்மா சொன்னதில்லை அது. குனிந்து துழாவுகையில் இடுப்புக்கு மேலும் நீர் சூழும்போது அதன் அழுத்தம் கால்களில் தங்கும் இரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் குறைகிறது. சிறுநீரகம் சொன்னபடி செய்கிறது. குளிர்ந்த நீரில் இது இன்னும் கூடும். உண்மையில் உடலில் நீர் மிகவில்லை. மணிக்கணக்காக நின்றால் குறையத்தான் செய்கிறது. சுற்றிலும் இருக்கிற உப்புநீரைக் குடிக்கவும் முடியாது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம் சிறுநீரகம் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்றாது. குடித்த நீரைவிட அதிக நீரைச் செலவழித்துத்தான் அந்த உப்பைக் கழுவ வேண்டியிருக்கும்.

ஆண்கள் எங்கேயும் ஒதுங்கிக்கொள்ளலாம். இந்தப் பெண்களுக்குக் கரையில் மறைவிடம் கிடையாது. அதனால் ஏரிக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாக அதே அம்மா சொன்னார். நீர் இழக்கப்போகிற உடல், நீர் குறைந்த நிலையிலேயே ஏரிக்குள் இறங்குகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் இது வழி. இறங்குதுறை ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குடிநீர்க் குழாயும், பூட்டிவைக்காத ஒரு கழிப்பறையும் வேண்டும். பஞ்சாயத்துக்கு மனு எழுதும்போது இதயமும் சிறுநீரகமும் நீருக்குள் என்ன செய்கின்றன என்பதையும் காரணமாகச் சேர்த்து எழுத வேண்டும். எழுதித் தர நான் தயார்.