சார்லா நகரத்துக் கொழுத்த ஈரல்

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கில், தொர்தோஞ் நதிக்கு வடக்கே சில மைல் தூரத்தில், சார்லா என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. நகரின் நடுவே ஒரு சதுக்கம். அதன் பெயரே 'வாத்துச் சந்தைச் சதுக்கம்' என்பதாகும். அங்கே மூன்று வெண்கலப் பறவைகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஏனைய ஊர்களில் தளபதிகளுக்கும் தலைவர்களுக்கும் சிலை எடுப்பார்கள். இவ்வூராரோ தங்கள் ஜீவனத்துக்கு ஆதாரமான பறவைக்கே சிலை எடுத்திருக்கிறார்கள். அது நன்றியினாலா, பிராயச்சித்தமாகவா என்பதை நேயர்கள் இக்கட்டுரையைப் படித்தபின் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

போர்தோ நகரில் குடியேறியிருக்கும் நமது பழைய புதுச்சேரி நண்பர் ஒருவர், "வாத்தியாரே, வாத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் உமக்கு அந்தப் பட்டமே பொருந்தாது" என்று சொல்லி, ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமையன்று நம்மை அவ்வூருக்கு அழைத்துச் சென்றார். குளிரோ எலும்பை நடுக்குவது. ஆயினும் ஊரைக் கண்டதும் குளிர் மறந்துபோயிற்று. தேன் நிறக் கல்லால் கட்டிய நானூறு ஐந்நூறு வருஷத்து வீடுகள். கற்பலகைகளை அடுக்கி வேய்ந்த செங்குத்தான கூரைகள். பழைய நகரங்களைப் பாதுகாக்க 1962-ல் இயற்றிய சட்டத்தின்கீழ் முதன்முதலாகப் புதுப்பிக்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. காய்கறியும் பாலாடைக் கட்டியும் விற்கும் சந்தை மண்டபம் முன்னொரு காலத்தில் மாதா கோயிலாக இருந்ததாம்.

சந்தையில் எத்திசை திரும்பினாலும் ஃபுவா கிரா. 'கொழுத்த ஈரல்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வாத்துக்கோ, வாத்தினும் பெரிதாய்க் கழுத்து நீண்ட பெருவாத்துக்கோ அளவுக்கு மிஞ்சித் தீனி புகட்டி, அதனால் வீங்கிப் பருத்த ஈரலை எடுத்துச் சமைப்பது. பச்சையாகவும் விற்கிறார்கள், அரைவேக்காடாகவும், கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காய்ச்சியும் விற்கிறார்கள். பசுவெண்ணெயின் நிறம், நாவில் வைத்தால் நெய்போல் உருகிவிடும் என்கிறார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் இது இல்லாத பிரெஞ்சுக் குடும்பம் ஏதோ குறை வைத்துவிட்டதாகவே கருதப்படும்.

இதைத் தொடமாட்டேன் என்று விரதம் பூண்டவர்களுக்கு இவ்வூரில் சாப்பாட்டுக் கஷ்டம் உண்டு. உருளைக்கிழங்குப் பொரியலில் என்ன தோஷம் இருக்க முடியும் என்றுதானே நினைப்பீர்கள்? சார்லாவின் பெயர் பெற்ற அந்தப் பொரியல் வாத்துக் கொழுப்பில் வதக்கப்படுவது! வாத்தின் மார்புத் துண்டத்துக்கு 'மாக்ரே' என்று பெயர். ஈரலுக்காகக் கொழுக்க வைத்த வாத்தின் மார்புக்குத்தான் அந்தப் பெயர் உரியது என்று நண்பர் விளக்கினார். ஆகவே, "ஐயோ பாவம், ஈரல் வேண்டாம், மாக்ரே கொடு" என்பவர் அதே பறவையைத்தான் உண்கிறார்.

இவ்வழக்கம் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததன்று. எகிப்தில் ஸக்காரா என்னுமிடத்திலுள்ள நாலாயிரம் வருஷங்களுக்கும் முந்திய கல்லறைச் சுவர்களில், வேலையாட்கள் வாத்தின் கழுத்தைப் பிடித்துத் தீனி உருண்டையைத் திணிக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ரோமாபுரியார் அத்திப்பழம் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்தனர். அத்திக்கு லத்தீனில் 'ஃபிகுஸ்'. அத்தியிட்டு வளர்த்த ஈரல் 'ஃபிகாதும்'. அச்சொல்லே நாளடைவில் தேய்ந்து, பிரெஞ்சு மொழியில் எல்லா ஈரலுக்கும் 'ஃபுவா' என்ற பெயராய் நின்றுவிட்டது. மனிதனின் உறுப்புக்கே ஒரு சமையற்கட்டு பெயர் வைத்தது என்றால் ஆச்சரியந்தான். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தபின் அத்தியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

கடைத் தகரடப்பாவை நம்ப வேண்டாம், வளர்த்தவர் கையிலிருந்தே வாங்க வேண்டும் என்பது நண்பரின் கொள்கை. பல்கேரியாவிலும் ஹங்கேரியிலும்கூட இத்தொழில் பெரிதாய் நடப்பதால், டப்பாவின் மேலுள்ள அழகிய படத்துக்கும் உள்ளிருக்கும் ஈரலுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியமில்லை. எனவே நகருக்கு வெளியே வாதுமரங்கள் சூழ்ந்த ஒரு பண்ணைக்குப் போனோம். அவ்விடத்தார் 'நுவா' என்று சொல்லும் அக்ரோட்டு மரங்களைத்தான் வாதுமை இனம் என்று நாம் முதலில் கேட்டு வைத்திருந்தோம். அதன் கொட்டையை ஆட்டி எண்ணெயும் எடுக்கிறார்கள்.

பண்ணைக்கார அம்மாளுக்கு வயது அறுபதிருக்கும். கணவரும் மகனும் வேறு வேலையில் இருக்க, வாத்துக்கள் முழுவதும் அவர் பொறுப்பு. முதலில் புல்வெளியைக் காட்டினார். சுமார் மூன்று மாத காலம் அவை அங்கே மேய்ந்து திரிகின்றன. பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. அதன்பின் கொட்டகை. அங்கே ஒரு தடுப்புக்குள் பத்துப் பன்னிரண்டு வாத்துக்கள். ஏறக்குறைய 12 நாள், காலையும் மாலையும் இருவேளை புகட்டல். பெருவாத்துக்கானால் இன்னும் அதிக நாள், அதிக வேளை.

'புகட்டுதல்' என்று எழுதும்போதே நமக்குக் கை தயங்குகிறது. நம் தாய்மார் குழந்தையை மடியில் கிடத்திச் சங்கில் பால் புகட்டுவார்களே, அச்சொல்தான் இது. இந்த அம்மாளும் ஒரு முக்காலியில் அமர்ந்து, வாத்தை முழங்கால்களுக்கிடையே அடக்கிக்கொண்டு, ஒரு கையால் அலகைத் திறந்து, நீண்ட குழாயைத் தொண்டைவழியே இறக்கினார். மேலே புனலில் மக்காச்சோளம். சில விநாடிகளில் சோளம் இறங்கிவிட்டது. கழுத்தை மேலிருந்து கீழாக மெல்ல நீவிவிட்டு வாத்தை இறக்கிவிட்டார். அந்தக் கையில் முரட்டுத்தனம் எள்ளளவும் இல்லை. பெரிய தொழிற்சாலைகளில் இதையே யந்திரம் இரண்டு மூன்று விநாடிகளில் செய்துவிடுமாம். ஆனால் ஒன்றை நாம் கவனித்தோம். முக்காலி கொட்டகைக்குள் வந்ததும் எல்லா வாத்துக்களும் தடுப்பின் எதிர்மூலைக்குப் போய் நெருங்கி நின்றன.

இத்தொழிலுக்குச் சாதகமாகச் சொல்லப்படுபவற்றை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வாத்தின் தொண்டை நம் தொண்டை போன்றதன்று, நன்கு விரியக்கூடியது. வலசை போகும் பறவைகள் நெடும் பயணத்துக்கு முன் தாமாகவே மிகுதியாகத் தின்று ஈரலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதும் மெய். புகட்டுவதை நிறுத்தினால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் இங்கே வளர்வது பார்பரி ஆண் வாத்துக்கும் வேறினப் பெட்டைக்கும் பிறந்த கலப்பினம். அது எங்கும் வலசை போவதில்லை. நூறு கிராமுக்கும் குறைவாயிருக்க வேண்டிய ஈரல் அரைக் கிலோவாகி விடுகிறது. ஐரோப்பிய விஞ்ஞானக் குழு ஒன்று 1998-ல் ஆராய்ந்து, இம்முறை பறவைகளின் நலனுக்குக் கேடானது என்றே முடிவு கூறியது. ஆயினும் பிரெஞ்சுப் பார்லிமெண்டு 2006-ல் ஃபுவா கிராவைத் தேசத்தின் பாதுகாக்கப்பட்ட கலாசாரச் சொத்து என்று சட்டத்தில் எழுதி வைத்தது. அதே சட்டம், புகட்டிக் கொழுக்க வைத்த ஈரலே ஃபுவா கிரா என்றும் இலக்கணம் வகுத்துவிட்டது! ஸ்பெயின் தேசத்து எத்துவார்தோ ஸௌஸா என்பவர் பெருவாத்துக்களைத் திறந்த வெளியில் விட்டு, குளிர்காலத்தில் அவை தாமே ஓக் மரக் கொட்டையும் ஒலிவப் பழமும் தின்று கொழுத்தபின் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டுமே ஈரல் எடுக்கிறார். 2006-ல் பாரிஸ் உணவுக் கண்காட்சியில் அவருக்குப் பரிசுகூடக் கிடைத்தது. பிரெஞ்சுச் சட்டப்படி அவர் பண்டம் ஃபுவா கிரா ஆகாது.

இந்த ஜில்லாவிலேயே வாழ்ந்த மோந்தேஞ் என்னும் பதினாறாம் நூற்றாண்டு அறிஞர், குரூரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு கோழியின் கழுத்தை அறுப்பதைக்கூட மனக்கசப்பின்றிப் பார்க்க முடியாதவர் அவர். அவருடைய ஆப்த நண்பர் லா போயஸி பிறந்த வீடு சார்லாவின் பெரிய கோயிலுக்கு எதிரே இன்றும் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நாம் புலால் மறுத்தவர்கள் அல்லோம். மீனும் கோழியும் நம் வீட்டில் உண்டு. ஆகையால் கொல்லுதலைப் பற்றி இங்கே பேச நமக்கு வாயில்லை. நம்மை உறுத்தியது கொல்வதற்கு முந்திய அந்தப் பன்னிரண்டு நாட்கள். மனிதனுக்கு ஈரலில் கொழுப்பேறினால் வைத்தியரிடம் ஓடுகிறோம். இங்கே அந்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி ருசி என்கிறோம். அருகிலிருந்து வாங்குவதால் பல நன்மைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்: கலப்படம் இல்லை, பணம் உழைத்தவர் கைக்குப் போகிறது, மேய்ச்சல் நிலம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் இவை அனைத்தும் வாங்குகிறவனின் கேள்விகளுக்குப் பதில். மூலையில் நெருங்கி நின்ற வாத்தின் கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

ஈரலுக்கு ஆண் வாத்துக்களைத்தான் வளர்க்கிறார்கள். பெட்டைக் குஞ்சுகள் என்னவாகின்றன என்று கேட்டோம். குஞ்சு பொரிக்கும் நிலையத்திலிருந்து ஆண் குஞ்சுகளை மட்டுமே விலைக்கு வாங்குவதாகவும், மற்றவை அவர்கள் பாடு என்றும் அம்மாள் சொன்னார். நண்பர் சும்மா இராமல், "இவர்கள் நாட்டில் 2014-ஆம் வருஷத்திலேயே இதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டார்கள்" என்று போட்டு வைத்தார். அம்மாள் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா? உங்கள் நாட்டில் பால் நிறையக் குடிப்பார்களாமே. கறவை மாடு போடும் காளைக்கன்றுகளை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

கன்று செத்தபின் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பதை நாம் சிறுவயதில் எங்கள் தெருவிலேயே கண்டதுண்டு. அதை மறைக்காமல் சொன்னோம். நண்பர் பிரெஞ்சில் பெயர்த்துச் சொல்லச் சொல்ல, அம்மாள் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார்.

நாம் ஒரு புட்டி அக்ரோட்டு எண்ணெய் வாங்கினோம். நண்பர் அரைக் கிலோ ஈரல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த அம்மாள், மாலைப் புகட்டலுக்கு நேரமாகிவிட்டது என்று விடை கொடுத்துவிட்டு முக்காலியை எடுத்துக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார்.