அழுகைக்கு ஐந்தாவது காரணம்

இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்க்கு ஒரு பேறு உண்டு. மனித உள்ளத்தைப் பற்றிப் பேசுவதற்கென அவர் தனியே நேரம் ஒதுக்க வேண்டுவதில்லை; பாடமே அதுதான். தலைவியின் பிரிவாற்றாமையையும் கண்ணகியின் சினத்தையும் மணிமேகலையின் துறவையும் ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கிறோம். ஆயினும் நம் எதிரே அமர்ந்திருக்கும் மாணவரின் உள்ளம் படும் பாட்டை அறியும் வாய்ப்பு நமக்கு எப்போதேனும்தான் கிட்டுகிறது. அவ்வாறு கிட்டிய வாய்ப்பொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் இதற்கென ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறுகிறார். அத்துடன் அவர் அமையவில்லை. ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் வரையறுக்கிறார். அழுகைக்குரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. நுகரப் பொருளின்றி வாடுதல் வறுமை. அழுபவரைக் கண்டால் ‘அழாதே’ என்று அடக்குவதற்கு முன் ‘எதனால் அழுகிறாய்?’ என்று வினவக் கற்பிக்கும் இலக்கணம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நடத்தியபோது, நான்கிற்கும் தத்தம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எழுதித் தருமாறு மாணவர்களிடம் கூறினேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். வந்த தாள்கள் எந்த உரையாசிரியரும் எழுதாத உரைகளாக இருந்தன. பள்ளியில் கட்டணம் செலுத்தாதோர் பெயரை உரக்கப் படித்ததை ஒருவர் இளிவுக்கு எழுதியிருந்தார். வாப்பா மறைந்து ஓராண்டாகியும் சுவரில் தொங்கும் அவருடைய சட்டையை ஒருவர் இழவுக்குக் காட்டியிருந்தார். சவூதியில் வேலை போய்த் திரும்பிய மாமா, நாள் முழுதும் திண்ணையில் பேசாது அமர்ந்திருப்பது அசைவாயிற்று. பெருநாளைக்குத் தங்கைக்கு மட்டும் புத்தாடை எடுத்தது வறுமையாயிற்று.

ஒரு தாளில் மட்டும் எடுத்துக்காட்டு ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு வினா இருந்தது: “காரணமே இல்லாமல் அழுகை வந்தால் அது எந்த வகையில் சேரும் ஐயா?”

மறுநாள் வகுப்பில், “நேற்று ஒருவர் நல்லதொரு வினா எழுப்பியுள்ளார், விடையை அறைக்கு வந்தால் பேசலாம்” என்று மட்டும் கூறினேன். மூன்றாம் நாள் மாலை அம்மாணவர் வந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவர். வீட்டில் குறையேதும் இல்லாதவர். இரண்டு மாதங்களாக உறக்கம் இல்லை, உணவில் நாட்டம் இல்லை, விருப்பமான கைப்பந்தையும் தொடவில்லை, விடியலில் எழுந்தால் அன்றைய பகலை எப்படிக் கடப்பது என்ற அச்சமே முதலில் வருகிறது என்றார். தொழுகையிலும் கண்ணீர் வருவதால், தம் ஈமானில் குறையுள்ளதோ என்ற கலக்கம் வேறு. அவருடைய ஒப்புதலுடனேயே இதனை எழுதுகிறேன்.

அவர் கேட்ட வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் விடை எழுதி வைத்துள்ளார் என்பதை நம்மில் பலர் அறியோம். பல்கு நகரப் பகுதியில் பிறந்து கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வைத்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றினார். சினம், அச்சம், துயரம், ஓயாது அலைக்கழிக்கும் வீண் எண்ணங்கள் ஆகிய நான்கையும் அதில் ஆராய்கிறார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இழப்பு முதலிய தெரிந்த காரணத்தால் வருவது. மற்றொன்று, காரணம் தெரியாமல் வருவது. பின்னது உடலிலிருந்து எழுவது என்றும், அதற்கு உடலுக்குரிய மருத்துவமும் வேண்டும் என்றும் அவர் கருதினார். தொல்காப்பியர் கூறிய நான்கும் முதல் வகையுள் அடங்கும். அம்மாணவர் கேட்டது இரண்டாம் வகை. இன்றைய மருத்துவம் அதனை மனச்சோர்வு நோய் என்கிறது.

மாணவரின் வாப்பாவைச் சந்தித்தேன். “அவனுக்கு என்ன குறை சார்? கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறேன். ஒழுங்காகத் தொழுதால் சரியாகிவிடும்” என்றார். பாட்டியார் கண்ணேறு என்று கூறி ஓதிப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் எதனையும் மறுக்கவில்லை. “உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டல்லவா? மாத்திரையும் உட்கொள்கிறீர்கள், துஆவும் கேட்கிறீர்கள். மகனுக்கும் இரண்டும் வேண்டும்” என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “நாளைக்கே கூட்டிப் போகிறேன்” என்றார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கிற்று. இத்தகைய மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், நலம் தெரிந்தவுடன் தாமாக நிறுத்துதல் கூடாது என்பதையும் மருத்துவர் எடுத்துரைத்தார். நாள்தோறும் பஜ்ரு தொழுகைக்கு மகனுடன் நடந்து சென்றதும், இரவில் மறவாது மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் அந்த வாப்பாவே. அம்மாணவர் பட்டம் பெற்றார்.

துயரம் ஈமானின் குறைபாடு என்னும் எண்ணம் நம் மார்க்கத்திற்கே உடன்பாடன்று. மகன் யூசுஃபைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்துப் போயின என்பது இறைமறை கூறும் வரலாறு. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு ‘துயர ஆண்டு’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. குழந்தை இப்ராஹீமை இழந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் உகுத்தார்கள். இறப்பு நேர்ந்த இல்லத்தாருக்கு வாற்கோதுமைக் கஞ்சி சமைக்கச் செய்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம். அது துயருற்றவரின் நெஞ்சுக்கு ஆறுதல் தரும் என அண்ணலார் அறிவித்திருந்தார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும் அவர்கள் பணித்துள்ளார்கள். இந்த மரபில் வந்தவர்களே மருத்துவ இல்லங்களை எழுப்பினர். 1284-ஆம் ஆண்டு கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டத் தொடங்கிய மருத்துவ இல்லத்தில் மனநோயாளர்க்கும் இடம் இருந்தது.

இவ்வளவு பெருமை உடைய சமுதாயத்தின் நிலை பின்னர் என்னவாயிற்று? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளர்களைத் தங்க வைக்கத் தனியார் நடத்திய விடுதிகள் பல இருந்தன. எல்லாச் சமயத்தாரும் தம் உறவினரை அங்குக் கொண்டுவந்து விட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அவர்களைக் கொன்றது தீ மட்டுமன்று. ‘ஜின்’, ‘செய்வினை’, ‘பைத்தியம்’ என்று பெயர் சூட்டிவிட்டு, அதற்குமேல் வினவாது விட்ட நம் அனைவரின் அறியாமையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே. நேர்ச்சையும் துஆவும் அவரவர் நம்பிக்கை. நோயாளியின் காலில் விலங்கு பூட்டுவதற்கு எந்த நம்பிக்கையிலும் இடமில்லை.

அக்கொடுமைக்குப் பின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதிப் பேணவும் வழி செய்கிறது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில், நாளின் எந்நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். சட்டமும் மருத்துவமும் வாயில்வரை வந்துவிட்டன. கதவைத் திறக்கும் வேலை நம்முடையது.

அவ்வேலை பெரிதன்று. ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குச் சென்றுவிட்ட மாணவரையும், திடீரென வருகை குறைந்த மாணவரையும் தனியே அழைத்து நலம் வினவுங்கள். ஜமாஅத் பெரியோர்களே, குத்பா உரைகளில் இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவதுபோல் மன அழுத்தம் பற்றியும் பேசச் செய்யுங்கள். மனநல மருத்துவரிடம் சென்று வந்த பெண்ணின் திருமணப் பேச்சில் அது குறையாகப் பேசப்படாதவாறு காப்பது உங்கள் சொல்லின் வலிமையால் இயலும். மாணவச் செல்வங்களே, விடுதி அறையில் உடனுறையும் தோழர் இரண்டு வாரங்களுக்கு மேல் உறங்காமல், உண்ணாமல், பேசாமல் இருந்தால் கேலி செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். வாழ விருப்பமில்லை என்று ஒருவர் கூறினால், அதனை விளையாட்டாகக் கொள்ளாமலும் அவரைத் தனியே விடாமலும் உடனே ஆசிரியரிடம் கூறுங்கள். இத்தகைய மறையைக் காப்பாற்றுவதைவிட உயிரைக் காப்பாற்றுவதே நட்பு.

தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நான்கு நிலைக்களன்களையும் போக்க அன்பும் அறமும் பொருளும் வேண்டும். அவற்றுள் அடங்காத ஐந்தாவது அழுகைக்கு இவற்றோடு மருத்துவமும் வேண்டும். அதனை நோயென்று அறிந்து, நாணமின்றி மருந்து நாடி, படைத்தவனிடம் நலம் வேண்டி நிற்கும் சமுதாயமாக நாம் மாறினால், இன்ஷா அல்லாஹ், இனி நம் பிள்ளைகள் தம் துயரைப் பெயரில்லாத் தாளில் எழுதிக் கேட்க வேண்டிய நிலை வாராது.