மூச்சுத்துளை அருகே ஒரு மேலங்கி

கனடாவின் ஆர்க்டிக் கரையில் குளிர்காலச் சீல் வேட்டை என்பது பெரும்பாலும் நிற்பதுதான். கடல்பனியில் சீல் மூச்சுவிடும் துளையருகே, ஈட்டியும் கையுமாக, இனுயிட் வேட்டைக்காரர் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பார். காலடி ஓசை கேட்டால் சீல் வராது.

உடம்பு அசையாதபோது குளிர் எலும்புவரை இறங்கும். அதற்கு இனுயிட்டுகள் கண்ட விடை கரிபூ மானின் தோல். அதன் முடிக்குள்ளேயே நுண்ணிய காற்றறைகள் உண்டு. சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். கடுங்குளிருக்கு இரண்டு அங்கிகள். உள்ளங்கியின் முடி உடம்பைத் தொடும், மேலங்கியின் முடி வெளியே பார்க்கும். பொத்தான் கிடையாது, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் தொளதொளப்பான தைப்பு. நடந்து சூடேறினால் கழுத்தருகே தளர்த்திவிட்டால் போதும். வியர்வையில் உடுப்பு நனைவதுதான் அங்கே உயிராபத்து. பெண்கள் தசைநார் நூலால் நெருக்கமாகத் தைத்த அந்தத் தையலை நம்பியே ஆண்கள் பனியில் இறங்கினார்கள். எவ்வளவு பெரிய கைத்திறன்!

நார்வேக்காரர் ரோல்ட் ஆமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் இனுயிட்டுகளின் அருகே தங்கி இந்த உடுப்பைப் படித்துக்கொண்டார். 1911 டிசம்பர் 14 அன்று அவர் தென்துருவத்தை எட்டிய பயணத்திலும் மென்மயிர்த் தோலாடைகள் இருந்தன.

இன்றைய வாத்துத்தூவி ஜாக்கெட்டும் காற்றைச் சிறைபிடித்தே சூடு தருகிறது. ஆனால் நனைந்தால் தூவி கட்டிதட்டிவிடும். ஈரமான காட்டுக்குப் போகிறவர் செயற்கை இழை அடைத்ததை எடுப்பதே நல்லது. நடக்கும்போது கழற்றிப் பையில் வைத்து, உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.